குருவம்மாள் வைத்த சேனை

ஆவாரங்குளத்தில் ஏழு மாதக் குழந்தை ஒன்று தன் அப்பனின் கசாயத் தம்ளருக்குள் விரலை விட்டது, விட்ட மாத்திரத்தில் வேப்பங்கொழுந்தும் பாகற்காயும் ஆவாரம்பூவும் போட்டுக் காய்ச்சிய அந்தக் கசாயம் தித்தித்துப் போனது. அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணியிலிருந்து கரண்ட் இல்லை, ஆகையால் ஊரில் அன்று பேசப்பட்ட இரண்டு விஷயங்களில் இது இரண்டாவதாகத்தான் இருந்தது.

குழந்தையின் அப்பன் சோலையப்பன் முகத்தைச் சுளிக்கத் தயாராக வைத்துக்கொண்டுதான் தம்ளரைக் கவிழ்த்தான். சுளிக்க ஒன்றும் இல்லாமல் போகவே, "ஏ கயலு, இதுல என்னத்தப் போட்ட?" என்று அடுப்படியைப் பார்த்துக் கேட்டான்.

"போடுறதுக்கு வீட்டுல என்ன இருக்கு?" என்றாள் அவன் மனைவி கயற்கண்ணி. அது உண்மைதான். அந்த வீட்டில் சீனி வாங்கி ஆறு வருஷம் ஆகியிருந்தது.

ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ என்று பெரியவர்கள் சொல்லி வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். ஆவாரங்குளத்தில் கரை நெடுக ஆவாரை பூத்துத்தான் கிடந்தது, சாவாரும் செத்துக்கொண்டுதான் இருந்தார்கள், மிச்சம் இருந்தவர்களில் பாதிப் பேருக்குச் சுகர். கல்யாண வீட்டில் லட்டை இலையில் வைத்தால் அதைக் கண்ணால் தின்றுவிட்டுக் கையால் மூடிவைக்கிற ஊர் அது. அந்த ஊரின் ரத்தம் முழுக்க ஒரே ஒருத்தியின் கை வழியாகத்தான் போய் வந்தது, அவள்தான் சோலையப்பனின் அக்கா குருவம்மாள்.

பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே ரத்தப் பரிசோதனை நிலையம் வைத்திருந்தாள். யார் நேற்று ஒளிந்து அதிரசம் தின்றது, யார் மாத்திரையைப் போடாமல் போட்டேன் என்று புளுகுவது எல்லாம் காலை எட்டு மணிக்கெல்லாம் அவளுக்குத் தெரிந்துவிடும், தெரிந்ததை யாரிடமும் சொல்லவும் மாட்டாள். தம்பியைப் படிக்க வைத்ததிலும் அம்மாவுக்கு வைத்தியம் பார்த்ததிலும் கல்யாணம் கூடி வராமலே போய்விட்டது. முப்பத்தெட்டில் தன் ரத்தத்தைத் தானே எடுத்துப் பார்த்து, தனக்கும் சுகர் என்று தானே தாளில் எழுதிக்கொண்டாள். அன்றிலிருந்து அவள் கைப்பையில் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு வெள்ளை டப்பி. தலையை அமுக்கினால் பொட்டு மாதிரி ஒரு மாத்திரை விழும், ஒன்று போட்டால் ஒரு தம்ளர் டீ தித்திக்கும். அதுதான் அவள் வாழ்க்கையில் இருந்த தித்திப்பு.

மதியம் தம்பி வீட்டிலிருந்து செய்தி வந்ததும் கடையைப் பாதி சாத்திவிட்டுப் போனாள். கசாயத்தில் மிச்சம் வைத்திருந்தார்கள். சுண்டுவிரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தாள். நல்ல தித்திப்பு. அது வழுக்கிக்கொண்டு போய் முடிகிற இடத்தில், நாக்கின் ஓரத்தில், தகரத்தை நக்கியதுபோல ஒரு சின்னக் கசப்பு நின்றது. பதினோரு வருஷமாக ஒரு நாளைக்கு மூன்று வேளை அவள் குடித்து முடிக்கிற அதே கசப்பு.

"என்ன மதினி, நல்லா இருக்கா?" என்றாள் கயல்.

"நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு, பிள்ளையைப் பார்க்காமல் வெளியே வந்துவிட்டாள்.

சேனை வைப்பது என்றால் என்ன என்று அந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பிள்ளை பிறந்ததும், குணத்தில் நல்லவர் என்று பெயரெடுத்த ஒருவர் சீனித்தண்ணியில் விரலைத் தொட்டுப் பிள்ளையின் நாக்கில் வைப்பார், வைத்தவருடைய குணம் பிள்ளைக்கு வந்துவிடும். பிள்ளை முரடாக வளர்ந்தால், "எவன்டா இதுக்குச் சேனை வச்சது?" என்று சேனை வைத்தவரைத்தான் ஊர் வையும். கயலுக்குப் பிள்ளை பிறந்தபோது பட்டாளத்துச் சித்தப்பா, பஞ்சாயத்துத் தலைவர், பேங்க் வேலைக்காரி என்று பல பெயர்கள் வந்தன. கயல் கட்டிலில் படுத்தபடியே, "எங்க மதினிதான் வைக்கணும்" என்று சொல்லிவிட்டாள். கல்யாணம் ஆகாதவளா, அதுவும் தலைப்பிள்ளைக்கா என்று இரண்டு பேர் இழுத்தார்கள். "அவுக நிதானத்துல பாதி வந்தாப் போதும் எம் பிள்ளைக்கு" என்றாள் கயல். நல்ல காரியங்களுக்கெல்லாம் கடைசி வரிசையிலேயே நின்று பழகிய குருவம்மாள் அன்றைக்குத்தான் முதல் வரிசைக்கு வந்தாள்.

ஆஸ்பத்திரியில் சிஸ்டர் கெடுபிடி. தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டு உள்ளே போகக் கூடாது என்று சொல்லி, சொந்தக்காரர்கள் கொண்டுவந்த சீனிப் பொட்டலத்தையும் பாலாடைச் சங்கையும் பிடுங்கி மேசை டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டாள். சிஸ்டர் சொன்னதுதான் சரி என்பது ரத்தப் பரிசோதனைக்காரிக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் கட்டிலைச் சுற்றிச் சொந்தபந்தம் முழுக்க நின்றது, நல்ல நேரம் முடிய ஐந்து நிமிஷம் இருந்தது, கயல் சிரித்துக்கொண்டே, "சிஸ்டர் போயிட்டாக, சீக்கிரம் மதினி" என்றாள். குருவம்மாள் பைக்குள் ஒரு சிட்டிகைச் சீனி கிடக்கிறது என்று சொல்லிவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பி நின்று, கைப்பைக்குள்ளேயே டப்பியை அமுக்கினாள். தண்ணீர் பாட்டிலின் மூடியில் நாலு சொட்டுத் தண்ணீர், அதில் ஒரு மாத்திரை. விரலைத் தொட்டுப் பிள்ளையின் நாக்கில் வைத்தாள். பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு சப்புக்கொட்டியது, எல்லோரும் சிரித்தார்கள்.

அப்படி வைத்த சேனைதான் ஏழு மாதம் கழித்துக் கசாயத்தில் தெரிந்தது.

அதற்குப் பிறகு குழந்தை மகிழினி தொட்டதெல்லாம் தித்தித்தது. ரசத்தில் கை வைத்தால் ரசம், மோரில் வைத்தால் மோர், மழை நாளில் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினால் கீழே வாளியில் நிறைந்த தண்ணீர் வரைக்கும் தித்தித்தது. ஊர் முதலில் ஒரு வாரம் வேடிக்கை பார்த்தது, இரண்டாவது வாரம் காரணம் சொன்னது, மூன்றாவது வாரம் வரிசையில் நின்றது. டீக்கடை வீரணன் சீனி போடாத டீயைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு காலை ஆறரைக்கு வந்துவிடுவார். கயல் பிள்ளையின் கையைக் கழுவி, சுண்டுவிரலை மட்டும் வாளியில் ஒரு தரம் தொட்டு எடுப்பாள். அந்த டீக்குப் பிள்ளை டீ என்று பெயர். "மாஸ்டர், ரெண்டு பிள்ளை டீ, ஒரு சாதா" என்று கேட்பதில் ஒருவருக்கும் ஆச்சரியம் இல்லாமல் போய்விட்டது.

ஆனாலும் ஊர் என்று இருந்தால் சந்தேகம் என்று ஒன்று இருக்க வேண்டும். இது உடம்புக்கு நல்லதா, கெட்டதா? டீக்கடை வாசலில் சீனி டீயை ஒரு சொட்டும் பிள்ளை டீயை ஒரு சொட்டும் ஊற்றிவிட்டு எறும்புக்காகக் காத்திருந்தார்கள். எறும்பெல்லாம் சீனி டீயில் மொய்த்தது, பிள்ளை டீயைச் சுற்றிக்கொண்டு போனது. "எறும்பு தொடாததை மனுசன் தொடலாமாய்யா?" என்று ஒருவர் எழுந்தார். "எறும்பு பீடியையுந்தான் தொடாது, நீரு தொடுறீரே" என்று இன்னொருவர் உட்கார வைத்தார். போன்களில் செய்திகள் பறந்தன: பிள்ளை டீ குடித்தால் முடி கொட்டும், குடித்தால் கொட்டிய முடி முளைக்கும், ஞாபகமறதி வரும், வந்த மறதி போகும். பக்கத்து ஊர்க்காரர்கள் ஒரு நாளைக்கு இரண்டு தம்ளருக்கு மேல் கூடாது என்று தாங்களாகவே சட்டம் போட்டு அதைத் தாங்களே மீறினார்கள்.

கடைசியில் வழக்கு குருவம்மாளிடம்தான் வந்தது. ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஞானப்பிரகாசம் சார் முன்னின்று ரத்தம் கொடுத்தார். பிள்ளை டீ குடிப்பதற்கு முன்னால் ஒன்று, குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று. பத்து நாள், இருபது பேர். குருவம்மாள் எழுதி வைத்துக் கூட்டிப் பார்த்தாள். பால் ஏற்றுகிற அளவுக்குத்தான் ஏறியிருந்தது, அதற்கு மேல் ஒரு புள்ளி இல்லை.

"அப்ப நான் சாப்பிடலாமா?" என்றார் சார். பதினேழு வருஷமாக அந்த ஒரு கேள்விக்கு யாரும் ஆம் என்று சொன்னதில்லை.

"சாப்பிடலாம் சார்."

சார் தேம்பி அழுதார். மறுநாளே ஒரு பானை பொங்கலில் பிள்ளையின் விரலை வைக்கச் சொல்லி வாங்கிப்போய், பானையோடு தின்றுவிட்டு சுகர் முந்நூற்றுப் பத்தில் வந்து நின்றார். குருவம்மாள் அவரை நிற்க வைத்து ஏசினாள். "தித்திப்புலதான் சீனி இல்ல சார், பொங்கல்ல அரிசி இருக்குல்ல? இத்தன வருசம் கணக்குச் சொல்லிக் குடுத்தீங்க, இது தெரியலையா?" சார் சின்னப்பையன் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு நின்றார். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்கள். ஆலை ஆயிரம் இருந்தும் ஒரு சிட்டிகை தின்ன முடியாத ஊருக்கு மகிழினியின் விரல்தான் இலுப்பைப்பூ.

மாதம் ஒருமுறை வருகிற டாக்டர் ஜெபமாலையிடம் குருவம்மாள் சுற்றி வளைத்து ஒரு நாள் கேட்டாள். பிள்ளையைப் பற்றிக் கேட்கவில்லை, டப்பியைக் காட்டித்தான் கேட்டாள். "டாக்டரம்மா, இது பயமில்லாததுதானா?"

"அளவோட இருந்தா உங்களுக்குப் பயமில்ல. இத்தனை வருஷம் பார்த்தாச்சு. இன்னும் பார்த்துக்கிட்டும் இருக்காங்க. பச்சப்பிள்ளைங்களுக்கு மட்டும் குடுத்துராதீங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த சீட்டைக் கூப்பிட்டார் டாக்டர். குருவம்மாள் டப்பியைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

கொடுமை என்னவென்றால் பேரெல்லாம் அவளுக்குத்தான் வந்தது. சேனை வைத்தவர் குணம் பிள்ளைக்கு வரும் அல்லவா? "குருவக்கா பேச்சு வேணா வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டா இருக்கலாம், உள்ளுக்குள்ள அம்புட்டும் தித்திப்பு, இல்லாட்டிப் பிள்ளை இப்படி இருக்குமா?" என்று ஊர் பேசியது. கல்யாணப் பத்திரிகையை முதலில் அவளுக்கு வைத்தார்கள். வளைகாப்பில் முதல் வளையலை அவளைப் போடச் சொன்னார்கள். ஊசி குத்தும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்கள்கூட அவள் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம், பொட்டு மாத்திரையை மறைப்பது எத்தனை பெரிய பாடு என்று அவளுக்குத்தான் தெரியும். யாரும் சொல்லாமலே அவள் தனக்கு ஒரு தண்டனை வைத்துக்கொண்டாள். அந்தப் பிள்ளையின் வாயில் இனி என் கையால் எதையும் வைக்க மாட்டேன் என்று முடிவு செய்தாள். சட்டை வாங்கிக் கொடுப்பாள், கொலுசு வாங்கிக் கொடுப்பாள், காய்ச்சல் வந்தால் விடிய விடியப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். ஒரு வாய்ச் சோறு மட்டும் ஊட்ட மாட்டாள். "ஊட்டுங்க மதினி" என்று கயல் கிண்ணத்தை நீட்டினால், கையில் மருந்து வாடை என்று சொல்லி எழுந்துவிடுவாள். கயலும் பிறகு கேட்பதை விட்டுவிட்டாள்.

மகிழினிக்கு நடை வந்தது, பேச்சு வந்தது, கூடவே இன்னொன்றும் தெரிய வந்தது. ஊருக்கெல்லாம் தித்திப்பு ஒரு சுவை, அவளுக்கு அது மட்டும்தான் சுவை. யார் ஊட்டினாலும் நாக்கில் பட்டதுமே எல்லாம் தித்திப்பாகிவிடும். மூன்று வயதில் ஒரு கல்யாணத்தில் ஓடி விளையாடியவள் சாம்பார் வாளிக்குள் கையை விட்டுவிட்டாள், முந்நூறு பேர் தித்திப்புச் சாம்பாரைப் பிசைந்துகொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். யாரும் திட்டவில்லை, அடிக்கவில்லை, பிரியமாகத்தான் சொன்னார்கள். "பந்தி நேரத்துல மட்டும் பிள்ளையக் கொஞ்சம் அங்கிட்டு வச்சுக்கோங்க." அதிலிருந்து எந்த விசேஷத்திலும் சாப்பாட்டுக்கு இலை விழுந்ததும் யாராவது அவளை வேடிக்கை காட்டத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். பாயசத்துக்குக் கூட்டி வருவார்கள், குழம்புக்குக் கூட்டிப் போய்விடுவார்கள்.

நாலரை வயதில் ஒரு மத்தியானம் பரிசோதனை நிலையத்தின் பெஞ்சில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். வெளியே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாங்காயில் உப்பும் மிளகாய்ப்பொடியும் தொட்டுத் தின்றுகொண்டு ஒரு கண்ணை மூடி, உடம்பைக் குலுக்கி, இஸ் இஸ் என்றார்கள். அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தவள் கேட்டாள்.

"அத்த, புளிப்புன்னா எப்படி இருக்கும்?"

குருவம்மாள் யோசித்தாள். "நாக்குல யாரோ கிச்சுகிச்சு மூட்டுற மாதிரி இருக்கும்."

"காரம்?"

"ஊசி குத்துனாச் சுருக்குங்கும்ல, அது வாய்க்குள்ள."

"வலிக்குமா?"

"வலிக்கும்."

"அப்புறம் ஏன் சிரிக்கிறாங்க?"

பிள்ளை தானும் ஒரு கண்ணை மூடி, உடம்பைக் குலுக்கி, ஒன்றும் இல்லாத வாயால் இஸ் என்று சொல்லிப் பார்த்தாள். குருவம்மாள் உள்ளறைக்குப் போய்ச் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று ஊரே சொல்கிறது, ஒரு பிள்ளையின் நாக்கிலிருந்து உப்பைப் பிடுங்கியவள் எந்தக் குப்பையில் போய் விழுவது என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டாள்.

ஐந்தாவது வயதில் காதுகுத்து வைத்தார்கள். ஊருக்கு வெளியே குலசாமி கோயில், பக்கத்திலேயே சிமெண்டுத் தரை போட்ட சாப்பாட்டுக் கூடம். கிடா வெட்டி, காலையிலேயே கறிக்குழம்பு கொதித்தது. தாய்மாமன் மடியில் உட்கார்ந்து காது குத்தும்போது பிள்ளை ஒரே ஒரு தரம் கத்தினாள், அப்புறம் புதுக்கம்மலைக் காட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தாள். ஆண்கள் கூடிப் பந்தி ஏற்பாட்டைப் பேசினார்கள். "பிள்ளைக்குச் செய்யற மரியாதையெல்லாம் செஞ்சாச்சு. சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் கார்ல உக்கார வச்சு ஏசியப் போட்டு விட்டுருவோம். முந்நூறு பேரு சாப்புடற கறிக்கொழம்பு, பாத்துக்கோங்க" என்றார் வீரணன். சோலையப்பன் தரையைப் பார்த்துக்கொண்டு சரி என்றான், யாரோ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு காருக்குப் போனார்கள். யாருக்குக் காதுகுத்தோ அவளுக்கு இலை இல்லை.

குருவம்மாள் அதைக் கேட்டுக்கொண்டு நின்றபோதுதான் கயலின் தங்கை பொன்ராக்கு நிறைமாத வயிற்றோடு அவள் முன்னால் வந்து நின்றாள், நின்றவள் எல்லோர் முன்னாலும் குனிந்து அவள் காலைத் தொடப் பார்த்தாள்.

"மதினி, இன்னும் இருபது நாளுதான். எம் பிள்ளைக்கும் நீங்கதான் சேனை வைக்கணும். மாட்டேன்னு சொல்லிராதீங்க. இதே மாதிரி ஒரு பிள்ளை எனக்கும் வேணும்."

சுற்றி நின்ற பெண்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். இவளுக்கு வைத்துவிட்டால் அடுத்து எங்களுக்கு என்றார்கள். குருவம்மாள் அந்த வயிற்றைப் பார்த்தாள். சீனியைத் தொட்டு வைத்தால் ஒன்றும் நடக்காது, ஏன் நடக்கவில்லை என்று கேட்பார்கள். நடக்க வேண்டுமென்றால் டப்பியை அமுக்க வேண்டும். ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொரு பச்சைப்பிள்ளையின் வாயா? இத்தனை வருஷம் தொண்டையில் நின்றது அந்த நிமிஷம் தானாகவே வெளியே வந்துவிட்டது.

"நான் வச்சது சீனி இல்ல" என்றாள்.

கைப்பையைத் திறந்து வெள்ளை டப்பியை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். சிஸ்டர் பொட்டலத்தைப் பிடுங்கியது, நல்ல நேரம் ஓடியது, சுவர்ப் பக்கம் திரும்பியது, பாட்டில் மூடி, நாலு சொட்டு, எல்லாவற்றையும் ரத்த அளவை வாசிப்பதுபோல ஒவ்வொன்றாகச் சொன்னாள். "தெரிஞ்சேதான் செஞ்சேன். பச்சப்பிள்ளைக்கு ஆகாதுன்னும் தெரியும். அவ நாக்க நாந்தான் கெடுத்தேன். பேரையும் வாங்கிக்கிட்டு உக்காந்திருந்தேன்."

"நானும் என்னமோ ஏதோன்னு நெனச்சேன், கடைசியில மாத்திரைதானா?" என்றார் வீரணன். ஞானப்பிரகாசம் சார், "மாத்திரையோ மண்ணோ, எனக்கு அது தேவாமிர்தம்மா" என்று சொல்லிப் பார்த்தார். குருவம்மாள் இரண்டு பேரையும் பார்க்கவில்லை. அவள் பார்த்தது கயலை மட்டும்தான். பரிமாறுவதற்கு எடுத்த இலைக்கட்டோடு கயல் அப்படியே நின்றிருந்தாள், அவள் முகம் சிவந்துபோய் இருந்தது.

"இதுக்காகவா?" என்றாள் கயல்.

"கயலு..."

"இதுக்காகவா மதினி அஞ்சு வருசமா எம் பிள்ளைக்கு ஒரு வாய் ஊட்டல?" இலைக்கட்டைக் கீழே போட்டாள். "மாத்திரையப் போட்டீங்க, சரி. நாந்தான சீக்கிரம் சீக்கிரம்னு சொன்னேன், அதுல பாதி எந்தப்பு. ஒவ்வொரு தடவையும் கிண்ணத்த நீட்டும்போது எந்திரிச்சுப் போவீங்களே, நான் என்னென்ன நெனச்சேன் தெரியுமா? உங்களுக்கு எம் பிள்ளையப் புடிக்கலன்னு நெனச்சேன். கல்யாணங் கட்டாதவுகள முன்னால இழுத்து விட்டு நாலு பேரு பேச வச்சுட்டேன், அந்தக் கோவத்தப் பிள்ளை மேல வச்சிருக்காகன்னு நெனச்சேன். சுகரு யாருக்கு எவ்வளவுன்னு ஊரு பூரா அளந்து பாக்குறீங்களே, எம் மனசு உங்களுக்குத் தெரியலையா?"

குருவம்மாள் இப்படி ஒரு வலியை எதிர்பார்க்கவில்லை. திட்டுவாள், வாசலை மிதிக்காதே என்பாள், பிள்ளையை மறைத்துக்கொள்வாள் என்றுதான் ஐந்து வருஷமாகப் பயந்திருந்தாள். இவள் அழுகிறாள், அதுவும் தன் பிள்ளையைப் பிடிக்கவில்லையோ என்று அழுகிறாள். "ஐயோ, எனக்கு வேற யாருடி இருக்கா?" என்று சொன்னாள், அத்தனை பேர் முன்னால் குருவம்மாள் அப்படி மனசு விட்டுப் பேசியதை ஊர் அன்றுதான் கேட்டது.

கயல் மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரும்பினாள். விறுவிறுவென்று காருக்குப் போய்க் கதவைத் திறந்து பிள்ளையை இடுப்பில் தூக்கி வந்தாள். முதல் பந்தியின் முதல் இலைக்கு முன்னால் அவளை உட்கார வைத்தாள். குருவம்மாளின் தோளை அமுக்கிப் பக்கத்தில் உட்கார வைத்தாள். பந்திக்கு முந்தி வந்து உட்கார்ந்திருந்தவர்கள் தங்கள் இலையைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டார்கள், வாளிக்காரன் வாளியைப் பின்னால் மறைத்தான். கயல் வாளியை அவன் கையிலிருந்து வாங்கி, சோற்றைப் போட்டு, நடுவில் குழி பறித்துக் கறிக்குழம்பை ஊற்றினாள்.

"ஊட்டுங்க" என்றாள்.

"வேண்டாம் கயலு, தித்திப்பாத்தான் போகும்."

"போகட்டும். தித்திப்பா இருந்தாலும் அத்தை கைச்சோறுன்னு ஒண்ணு அவளுக்கு வேணும்ல?"

குருவம்மாள் சோற்றைப் பிசைந்தாள். ஆயிரம் பேருக்கு நரம்பைத் தேடிப் பிடித்து ஒரே குத்தில் ஊசி ஏற்றிய கை இந்த ஒரு கவளத்தைத் திரும்பத் திரும்பப் பிசைந்தது. எலும்பில்லாத ஒரு கறித்துண்டை எடுத்துப் பிய்த்து நடுவில் வைத்து, உருட்டி, பிள்ளையின் வாய்க்குக் கொண்டுபோனாள். பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டாள். எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவது அவள் வழக்கம், மூடினாலும் திறந்தாலும் அவளுக்கு ஒன்றுதான்.

மென்றாள். மெல்வதை நிறுத்தினாள். கண் திறந்தது.

முகம் மெதுவாகச் சிவந்தது, நெற்றியில் வேர்வை அரும்பியது, மூக்கில் நீர் வந்தது, புதுக்கம்மல் ஆடுகிற அளவுக்கு உடம்பு ஒரு தரம் குலுங்கியது. பிள்ளை இஸ் என்றாள். ஒன்றும் இல்லாத வாயால் பழகிப் பார்த்த அந்தச் சத்தம் இப்போது நிஜமாகவே வந்தது. முந்நூறு பேரும் தங்கள் இலையை மறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அத்த, இது என்னது?"

"அது காரம் கண்ணு" என்றாள் குருவம்மாள். "உப்பு இருக்கு. புளியும் கொஞ்சம் இருக்கு."

கையால் கொடுத்ததைக் கைதான் மாற்ற முடியும் போலிருக்கிறது என்று யாரோ பின்னால் முணுமுணுத்தார்கள். ஆவாரங்குளத்துக்காரர்கள் எதற்கும் காரணம் சொல்லாமல் இருக்க மாட்டார்கள். கயல் சிமெண்டுத் தரையில் அப்படியே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். எரிச்சல் தாங்காமல் பிள்ளை இலைக்குப் பக்கத்தில் இருந்த தண்ணீரைத் தானே எடுத்துக் குடித்தாள். அவள் கை பட்ட தண்ணீர் வழக்கம்போலத் தித்தித்தது. தம்ளரைத் தள்ளி வைத்துவிட்டாள்.

கண்ணிலும் மூக்கிலும் வழிய வழிய, புறங்கையால் துடைத்துக்கொண்டு, அத்தையின் முழங்காலைப் பிடித்து இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள்.

"எரியுது அத்த" என்றாள். "இன்னொரு வாய்."